மருந்து குடித்த கோழிகள்

12.3.1987, வியாழன்

பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்து பிளெண்டர் இன்று உயிரை விட்டது. முருங்கை இலை அரைத்து அரைத்தே செத்தது என்கிறாள் நோர்மா. என் உதவியாளர். வயது இருபத்தாறு, வாய்க்கு மட்டும் அறுபது.

இரண்டு வருடமாக இதுதான் என் பிழைப்பு. இந்தத் தீவின் டத்தோ கிராமாட் பகுதியில் எந்த வீட்டு வேலியில் முருங்கை நிற்கிறது என்று தபால்காரரைவிட எனக்கு நன்றாகத் தெரியும். இலையை உலர்த்தி, அரைத்து, ஸ்பிரிட்டில் ஊற வைத்து, வடித்து வற்ற வைத்தால் கரும்பச்சையாக ஒரு பசை மிஞ்சும். காரீயம் கலந்த தண்ணீர் குடிக்கும் கறிக்கோழிக் குஞ்சுகளுக்கு அதைக் கொடுக்கிறேன். காரீயம் மட்டும் குடித்தவை காலை மடக்கி உட்கார்ந்துவிடுகின்றன. சாறும் சேர்த்துக் குடித்தவை எழுந்து நடக்கின்றன. இவ்வளவுதான் என் கண்டுபிடிப்பு. ரசாயனத் துறையில் இதற்கு என் பெயரைச் சேர்த்து 'ஞானாம்பிகை சாம்பார்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

வீட்டில் அண்ணன் மட்டும் லேசுப்பட்டவரா? ரயில்வே வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு என்னைக் கிண்டல் செய்வதுதான் அவருக்கு முழுநேர உத்தியோகம். "முருங்கை நட்டவன் வெறுங்கையோடதான் போவான், தெரியுமே பிள்ளை?" என்றார் சாப்பிடும்போது. நாற்பத்திரண்டு வயதிலும் நான் பிள்ளைதான்.

20.3.1987, வெள்ளி

ஒருவர் உரச் சாக்கில் இரண்டு கோழியோடு வந்து வாசலில் நின்றார். காவலாளி உள்ளே விடவில்லை. 'கோழி டாக்டரம்மாவப் பாக்கணும்' என்று ஒரே பிடிவாதம். நோர்மாதான் போய் அழைத்து வந்தாள்.

பெயர் பழனியப்பன். ஜுருவில் கோழிப் பண்ணை வைத்திருக்கிறார்.

"தீனி நல்லாதான் திங்குதும்மா. ஆனா கால் தூக்க மாட்டேங்குது. கழுத்து தொங்கிப் போவுது, எச்சம் பச்சையா போவுது. கடையில குடுத்த மருந்தெல்லாம் ஊத்திப் பாத்தாச்சு. ரொம்ப சூசாவா, கஷ்டமா இருக்குலா."

பண்ணைக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். பழைய கார் பேட்டரி உடைக்கும் பட்டறையாம். பேட்டரிக்குள் காரீயம்தானே! நாற்காலியைவிட்டு எழுந்தே விட்டேன்.

22.3.1987, ஞாயிறு

தீவிலிருந்து பாலம் தாண்டி அக்கரையில் இருக்கும் ஜுருவுக்குப் போய் வந்தேன். உடைத்த பேட்டரிப் பெட்டிகள் பட்டறைக்குப் பின்னால் ஆள் உயரத்துக்குக் கிடக்கின்றன. அங்கிருந்து வழியும் தண்ணீர் சாக்கடையில் ஓடி, பழனியப்பனின் கிணற்றை ஒட்டிப் போகிறது. கோழிகளுக்கு அந்தக் கிணற்றுத் தண்ணீர்தான். வீட்டுக்குக் குழாய்த் தண்ணீர் இருக்கிறது, நல்லவேளை.

அவர் மனைவி வடிவம்மாள் கூடத்தில் நாற்காலி போட்டு மைலோ கலந்து குடிக்கக் கொடுத்தாள். சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றாள். நான் சைவம் என்றதும் இருவரும் சிரித்துவிட்டார்கள். "கோழி டாக்டரு கோழி சாப்பிட மாட்டாங்களாம்!"

பிறகு பழனியப்பன் கேட்டார்: "பேசாம கொட்டகைய காலி பண்ணிடவாம்மா? மருமகன் பேக்டரியில வேலை வாங்கித் தரேங்குறாரு. நீங்க சொல்லுங்க, அப்படியே கேக்குறேன்."

வேண்டாம் என்றேன். என் சாறு இருக்கிறது, கொடுத்துப் பார்ப்போம் என்றேன். குழாய்த் தண்ணீரைக் கொட்டகைக்கு இழுத்தால் போதும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். இழுத்துவிட்டால் என் சோதனை என்னாவது? ஆய்வுக்கூடத்தில் நானே காரீயம் கலந்து கொடுத்து நானே வைத்தியம் பார்ப்பது வேறு. இது நிஜப் பண்ணை, நிஜ நஞ்சு. எந்த ஊர் மாநாட்டிலும் எழுந்து நின்று பேசலாம். "முதல்ல சாறு கொடுப்போம். தண்ணீரைப் பிறகு பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். கோழி எழுந்து நடந்தால் நஞ்சு இறங்கிவிட்டது என்றுதானே பொருள்?

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மூலையை வலை போட்டுத் தடுத்து, அந்தக் கோழிகளுக்கு மட்டும் சாறு கொடுக்காதீர்கள் என்றேன். "அதுங்க என்னம்மா பாவம் பண்ணுச்சு?" என்றார் மனுஷன்.

திரும்பி வரும்போது பாலத்தில் பாட்டுப் பாடிக்கொண்டே ஓட்டினேன். வெட்கமாக இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

5.4.1987

நடக்கின்றன! புதுக் குஞ்சுகளில் சாறு குடித்தவை ஒன்றுகூட உட்காரவில்லை. வலைக்குள் இருப்பவை தூங்கி வழிகின்றன. பழனியப்பன் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

14.4.1987, சித்திரை வருஷப் பிறப்பு

வடிவம்மாள் ஒரு கட்டு முருங்கைக்காயும் பால் பாயசமும் கொடுத்தனுப்பியிருந்தாள். 'டாக்டருக்குன்னு புதுச் சட்டியில வச்சது' என்று சொல்லச் சொன்னாளாம். அண்ணன் இரண்டு கிண்ணம் குடித்தார். இன்று முருங்கைப் பழமொழி எதுவும் வரவில்லை.

9.5.1987, சனி

முதல் ஈட்டுக் கோழிகள் விற்பனைக்குப் போயின. வியாபாரி எடை போட்டுப் பார்த்துவிட்டு என்ன தீனி போடுகிறாய் என்று கேட்டானாம். அதற்கு முன்பே என் பங்குக்குச் சில கோழிகளை எடுத்து, இரத்தமும் ஈரலும் எலும்பும் பிரித்து வைத்துக்கொண்டேன். இரத்தம் பார்த்தாயிற்று. சிவப்பு நன்றாக ஏறியிருக்கிறது. ஈரலும் எலும்பும் உறைபெட்டியில் கிடக்கின்றன. காரீயம் அளக்கும் கருவி ரசாயனத் துறையில். அங்கே எப்போதும் வரிசை.

"ஈரலை முதலில் பார்க்க வேண்டாமா, டாக்டர்? எங்கள் வீட்டில் அதற்குத்தான் சண்டையே" என்றாள் நோர்மா. எடையும் இரத்தமும் போதும், மாநாட்டுக்குச் சுருக்கம் அனுப்ப நாள் நெருங்குகிறது என்றேன்.

பண்ணை வீட்டில் மகள் குணவதி வந்திருக்கிறாள். வளைகாப்பு முடித்துத் தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு. இருபத்திரண்டு வயது. அழகான பெண், ஆனால் சோகை பிடித்த முகம். கிளினிக்கில் இரத்தம் குறைவு என்றார்களாம். என்ன கொடுக்கலாம் என்று வடிவம்மாள் கேட்டாள். கீரை கொடுங்கள், பேரீச்சம்பழம் கொடுங்கள் என்றேன். அவளும் தான் சமைத்துப் போடுவதையெல்லாம் வரிசையாகச் சொன்னாள். கறி வகைகள் வந்ததும் என் காது தானாக மூடிக்கொள்ளும். சைவக் காது. தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தேன்.

2.6.1987

சுருக்கத்தை ஏற்றுக்கொண்டார்கள். செப்டம்பரில் கோலாலம்பூர். அண்ணன் தன் பழைய டையைத் தேடுகிறார், எனக்குக் கட்டிவிடவா?

7.6.1987, ஞாயிறு

குணவதிக்கு வயிற்று வலி. வெளிக்குப் போகாமல் அவதிப்படுகிறாள். முகம் முன்பைவிட வெளுப்பு. "மாசமா இருந்தா அப்படித்தான்லா" என்றாள் வடிவம்மாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். எனக்கென்ன தெரியும், நான் பெற்றேனா வளர்த்தேனா.

18.6.1987, வியாழன்

கடைசியில் கருவி கிடைத்தது. ஈரல் முடிவு வந்துவிட்டது. சாறு குடித்த கோழிகளின் ஈரலில் காரீயம், குடிக்காதவற்றைவிடப் பாதிக்குப் பாதி குறைவு. பாதி! நோர்மாவைக் கட்டிப்பிடித்துவிட்டேன். அவள் மட்டும் தாளைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மிச்சப் பாதியும் அதிகம்தானே, டாக்டர்?" என்றாள். அதை அடுத்த கட்டுரையில் பார்ப்போம் என்றேன்.

நாளை நேரில் போய்ப் பழனியப்பனிடம் சொல்ல வேண்டும்.

19.6.1987, வெள்ளி

எழுதித்தான் ஆக வேண்டும்.

கூடத்தில் யாரும் இல்லை. கூப்பிட்டேன், 'உள்ள வாங்க டாக்டர்' என்று அடுப்படியிலிருந்து குரல். இத்தனை மாதத்தில் அந்த அடுப்படிக்குள் நான் போனதில்லை. கறி வாடை எனக்கு ஆகாது என்று அவர்களும் என்னைக் கூப்பிட்டதில்லை. இன்று சந்தோஷத்தில் நடந்து உள்ளேயே போய்விட்டேன்.

குணவதி மணையில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஒரு கிண்ணம். மிளகு மணம். ஈரல் சூப்.

"நாள் தவறாம குடுக்குறேன் டாக்டர். ரத்தம் ஊறணும்ல. கோழி அறுத்தா ஈரல் பூரா இவளுக்குத்தான், இவ அப்பாவுக்குக் கூட இல்ல. அதுவும் உங்க மருந்து குடிச்ச பக்கத்துக் கோழியாப் பாத்துதான் அறுக்கச் சொல்றது."

கிண்ணத்தைத் தட்டிவிட்டேன். நானா செய்தேன்? நான்தான். குணவதியின் மடியெல்லாம் சூப். அவள் அலறினாள். வடிவம்மாள் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

பாதி குறைவு. மிச்சப் பாதி எங்கே போகும் என்று நினைத்தேன்? கோழிக்குள்ளேயே இருந்துவிடுமா? கோழி எடையாகவும் இரத்தமாகவும்தான் எனக்குத் தெரிந்தது. அதை ஒருவர் வாயில் வைப்பார் என்று தோன்றவே இல்லையே. கறிக்கோழி, கறிக்கோழி என்று நூறு தடவை எழுதியிருக்கிறேனே — கறி யாருக்கு?

அன்றைக்கு வடிவம்மாள் சொன்ன வரிசையில் ஈரலும் இருந்ததா? சொன்ன மாதிரியும் இருக்கிறது. சொல்லாத மாதிரியும் இருக்கிறது.

20.6.1987, சனி

குணவதியைத் தீவுக்கு அழைத்து வந்து பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினேன். 'பேட்டரி வேலையா செய்கிறாள்?' என்று கேட்டார் டாக்டர். இரத்தத்தைக் கோலாலம்பூருக்கு அனுப்பியிருக்கிறார்கள். வெளியே மேசையில் உட்கார்ந்து கால்நடை இலாகாவுக்கும் சுகாதார இலாகாவுக்கும் மனு எழுதிக் கையோடு கொடுத்தேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

விற்ற கோழிகள்? அவை யார் யார் வீட்டுக்குப் போயின என்று யாருக்குத் தெரியும்.

3.7.1987, வெள்ளி

முடிவு வந்துவிட்டது. அதிகம். மிக அதிகம். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது காரீயத்தை இறக்கும் ஊசி போடத் தயங்குகிறார்கள். பால், சுண்ணாம்புச் சத்து, இரும்பு மாத்திரை, காத்திருத்தல்.

அதிகாரிகள் வந்து எல்லாக் கோழிகளையும் குழி வெட்டிப் புதைத்துவிட்டார்கள். பழனியப்பன் குழியோரம் நின்றுகொண்டிருந்தார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"கொட்டகைய காலி பண்ணிடவான்னு கேட்டேனேம்மா" என்றார். அவ்வளவுதான்.

5.7.1987, ஞாயிறு

வடிவம்மாள் எழுந்திருப்பதில்லை. படுத்த படுக்கை.

"வேணாம் வேணாம்னா டாக்டர். வாந்தி வருதுன்னா. நான்தான் மூக்கப் புடிச்சி ஊட்டிவிட்டேன். இந்தக் கையாலதான்."

என் மருந்தை நம்பித்தானே கொடுத்தீர்கள், தப்பு என்னுடையது என்று எத்தனை தடவை சொன்னேன். காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. "நீங்க படிச்சவங்க, நல்லதுக்குத்தான் சொன்னீங்க. பெத்தவளுக்குத் தெரிய வேணாமா?" என்கிறாள். ஐயோ, இவள் என்மேல் கோபப்படக் கூடாதா?

7.7.1987

அண்ணன் சொல்கிறார்: "நீ வேணுமெண்டு செய்யேல்லைத்தானே. அந்தப் பட்டறைப் புகையாலயும் வந்திருக்கும்."

வந்திருக்கலாம். புகையில் காரீயம் இருக்கும்தான். புகை பாதி, ஈரல் பாதி என்று பங்கு போட்டுப் பார்த்தேன். பிறகு, மகளுடையதோடு வந்த பெற்றவர்களின் இரத்த முடிவை எடுத்துப் பார்த்தேன்: அதே வீடு, அதே புகை. மகளுக்கு இருப்பதில் கால் பங்குகூட அவர்களுக்கு இல்லை. எனக்குச் சாதகமாக ஒரு கணக்குத் தேடினேன் பாருங்கள். என் புத்தி.

21.8.1987, வெள்ளி

பெண் குழந்தை. குறித்த நாளுக்கு முன்பே பிறந்துவிட்டது. எடை குறைவு. அழுகிறது. அழுகிறது என்பதே இன்று எங்களுக்குப் பெரிய செய்தி.

தாய்ப்பால் கொடுக்கலாமா என்று டாக்டர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். குணவதி மார்பைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நான் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டாள்.

17.9.1987, கோலாலம்பூர்

வரக் கூடாது என்றுதான் இருந்தேன். அண்ணன்தான், போகாவிட்டால் யாருக்கு நன்மை என்று கேட்டார். போய்ப் படித்தேன். கோழி பிழைக்கிறது, ஆனால் அதைத் தின்னக் கூடாது. சாறு நஞ்சை நீக்கவில்லை, நோயைத்தான் மறைத்தது என்று சொன்னேன். கை தட்டினார்கள். எதற்குத் தட்டினார்களோ.

தேநீர் நேரத்தில் தீவனக் கம்பெனி ஆள் ஒருவர் வந்து கை குலுக்கினார். சாற்றின் செய்முறையைக் கேட்டார். ஈரல் எண்களைத் திரும்பச் சொன்னேன். "பார்க்க நல்லா இருக்குல்ல டாக்டர், எடையும் வருதுல்ல, அது போதும்லா" என்றார் சிரித்துக்கொண்டே. மே மாதத்தில் நானும் நோர்மாவிடம் அதைத்தானே சொன்னேன்? இவ்வளவு பச்சையாகச் சொல்லவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு இரவு ரயிலுக்கே கிளம்பிவிட்டேன்.

4.11.1988

குழந்தைக்கு ஷாமினி என்று பெயர். ஒரு வயது தாண்டி மூன்று மாதமாகப் போகிறது. பிடித்துக்கொண்டு நிற்கிறாள், கூப்பிட்டால் மெதுவாகத்தான் திரும்புகிறாள். சோதனைக்கு நான்தான் காரில் அழைத்துப் போகிறேன். குணவதி வருவாள், போவாள், என்னிடம் பேசுவதில்லை. வடிவம்மாள் இரண்டு பேருக்குமாகச் சேர்த்துப் பேசிவிடுவாள். "எங்க வீட்டுப் பிள்ளைங்க எல்லாம் லேட்டாதான் நடக்கும், இவ அம்மாவும் அப்படித்தான்" என்றாள் இன்று. நான் ஷாமினியைத் தூக்கிக் காரில் உட்கார வைத்தேன்.

பட்டறை மூடப்படவில்லை. ஜுருவிலேயே இன்னும் உள்ளே தள்ளிப் போயிருக்கிறதாம். பழனியப்பன் இரவுக் காவல் வேலைக்குப் போகிறார். கொட்டகையில் இப்போது பழைய டயர்கள்.

முருங்கை வேலையை விட்டுவிட்டேன். நோர்மா தாவரவியல் பக்கம் மாற்றிக்கொண்டு போய்விட்டாள். போகும்போது எதுவும் சொல்லிக் காட்டவில்லை. சொல்லிக் காட்ட அவளுக்கு எல்லா உரிமையும் உண்டு.

11.2.1990, ஞாயிறு

காலையில் தொலைபேசி. குணவதி. அவளே எனக்குப் போன் செய்வது இதுதான் முதல் தடவை. வீட்டுக்கு வர முடியுமா என்று கேட்டாள்.

ஷாமினி கூடத்தில் பிளாஸ்டிக் மூடிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். இரண்டரை வயது. இன்னும் 'மா'வும் 'பா'வும்தான். வடிவம்மாள் காய்கறி வாங்கப் பாசாருக்குப் போயிருந்தாள். அவள் இல்லாத நேரம் பார்த்துத்தான் என்னை வரச் சொல்லியிருக்கிறாள் என்று பிறகு புரிந்தது.

"அக்கா, ரெண்டு மாசம்" என்றாள். "அம்மாகிட்ட கூட இன்னும் சொல்லல."

முகத்தில் எத்தனை சந்தோஷம்! அவள் சிரித்து நான் பார்த்ததே இல்லை. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவளும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"இந்த வாட்டி நல்லா பொறக்கும்லக்கா? ஈரல தொடறதே இல்ல. பக்கத்துல அந்தப் பட்டறையும் இல்ல. இப்ப ஒண்ணும் இல்லைதானே?"

ஒன்றும் ஆகாது குணா, தைரியமாக இரு என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. காரீயம் எலும்பில் போய்த் தங்கும், வருடக் கணக்கில் போகாது. வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு எலும்பு வேண்டும் என்று தாயின் எலும்பு கரைந்து கொடுக்கும்போது அதுவும் சேர்ந்து வரும். இவ்வளவும் எனக்குத் தெரியும். எவ்வளவு வரும், வந்தால் என்ன ஆகும் என்பதுதான் தெரியாது. அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? சொல்லாமல் எப்படிப் போவது?

"தெரியாது குணா" என்றேன். பிறகு மற்றதையும் சொன்னேன், எலும்பைப் பற்றி, ஒன்றையும் விடாமல்.

சிரிப்பு போய்விட்டது. அழவில்லை. ஷாமினி அடுக்கிய மூடிகள் சரிந்தன, குனிந்து பொறுக்கிக் கொடுத்தாள். கடைசி மூடியையும் கொடுத்துவிட்டு, நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று கேட்டாள். போகலாம், எட்டு மணிக்கு வருகிறேன் என்றேன்.

வாசல் வரைக்கும் வந்தாள். கார்க் கதவைத் திறக்கப் போனேன்.

"இதே மாதிரி அன்னிக்கு அப்பாகிட்ட தெரியாதுன்னு சொல்லியிருந்தா, அவரு கொட்டகைய காலி பண்ணியிருப்பாருக்கா" என்றாள். குரலில் கோபம் இல்லை.

பண்ணியிருப்பார் என்றேன்.